பத்து போதும் என்றால் பத்து என்றே கேளுங்கள்
பேக்எண்ட் நிரல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் பேக்எண்ட் நிரல் எழுதும் நண்பர்களுக்கு,

நீங்கள் அன்றாடம் எழுதும் வினவல்களில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை. கடைசியாக வந்த 20 ஆர்டர்கள், அதிகம் விற்ற 10 பொருட்கள், ஒரு கணக்கின் அண்மைய 5 பரிவர்த்தனைகள், கூடுதல் மதிப்பெண் பெற்ற 50 பேர். அட்டவணையில் கோடிப் பதிவுகள் கிடந்தாலும் திரைக்கு வருவது ஒரு கைப்பிடிதான். எத்தனை வேண்டும் என்ற எண்ணிக்கையும், எந்த வரிசையில் வேண்டும் என்ற விதியும் கேள்வியின் உறுப்புகள். விடை வந்த பிறகு கத்தரித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கத் தக்கவை அல்ல. இரண்டையும் சேர்த்து, குறைவின்றி, தரவுத்தளத்திடமே சொல்லிவிட வேண்டும் என்பதே இந்த மடலின் வாதம். சொன்னால் அது செய்யும் வேலையே வேறாகிவிடுகிறது. சொல்லாமல் விட்டால் நேரம் வீணாவதோடு, சில இடங்களில் விடையும் பிழையாகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1 கோடிப் பதிவுகள் கொண்ட ஓர் ஆர்டர் அட்டவணை. ஒரு பதிவு 100 பைட். தொகையின் இறங்குவரிசையில் முதல் 10 பதிவுகள் வேண்டும். அட்டவணை முழுவதையும் வரிசைப்படுத்திவிட்டு மேலே இருக்கும் 10 பதிவுகளை எடுத்துக்கொள்வது என்று வைத்தால், ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் நல்ல முறைகளுக்கும் ஏறத்தாழ 23 கோடி ஒப்பீடுகள் ஆகும். அதைவிடப் பெரிய தொல்லை இடம். இந்த அட்டவணை 100 கோடி பைட், அதாவது சுமார் 1 ஜிபி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒரு வரிசைப்படுத்தலுக்கு இயல்பாக ஒதுக்கும் நினைவகமோ 4 எம்பிதான். அடங்காதபோது பதிவுகளைத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, வட்டில் தற்காலிகக் கோப்புகளாக எழுதி, மறுபடி படித்து, ஒன்றாக இணைக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகு 10 பதிவுகளை வைத்துக்கொண்டு மீதி 99,99,990 பதிவுகளைத் தள்ளிவிடுகிறோம். அவை தங்களுக்குள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று யாருமே கேட்கவில்லை.

கேட்காத வேலையைச் செய்யாமல் விடுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஓட்டப்பந்தயத்தில் முதல் 10 பேரின் பட்டியலை மட்டும் வைத்திருப்பவர், புதிதாக ஒருவர் ஓடி முடித்ததும் பத்தாம் இடத்துக்காரரின் நேரத்தை மட்டும் பார்த்தால் போதும். அதை முறியடிக்காதவர் அதோடு வெளியே. முறியடித்தவர் உள்ளே வருகிறார், பத்தாமவர் வெளியே போகிறார். தரவுத்தளமும் இதையே ஹீப் என்ற அமைப்பைக் கொண்டு செய்கிறது. 10 பதிவுகள் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு ஹீப். அதன் உச்சியில் இருப்பது அந்தப் பத்தில் மிகவும் பின்தங்கிய பதிவு. அட்டவணையை ஒருமுறை தொடக்கத்திலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகையில், ஒவ்வொரு பதிவையும் உச்சியோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். தோற்றால் அந்தப் பதிவுக்கு அங்கேயே விடை கொடுத்தாயிற்று. வென்றால் உச்சியில் இருந்ததை நீக்கிவிட்டுப் புதியதை உரிய இடத்தில் இறக்க வேண்டும். பத்தே பதிவுகள் கொண்ட ஹீப்பில் அதற்கு விரல்விட்டு எண்ணும் அளவு ஒப்பீடுகள் போதும். படித்து முடித்ததும் ஹீப்பில் எஞ்சியிருக்கும் பத்தை மட்டும் வரிசைப்படுத்தித் தருகிறது.

இந்த முறையின் சிக்கனம் எவ்வளவு என்று நிகழ்தகவைக் கொண்டு கணக்கிடலாம். பதிவுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து வருகின்றன என்று கொள்வோம். ஆயிரமாவது பதிவு, அதுவரை வந்தவற்றுள் முதல் பத்துக்குள் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. பத்து லட்சமாவது பதிவுக்கு அது லட்சத்தில் ஒன்று. இப்படி எல்லா வாய்ப்புகளையும் கூட்டிப் பார்த்தால், 1 கோடிப் பதிவுகளில் ஹீப்புக்குள் காலடி வைப்பவை சராசரியாகச் சுமார் 148 மட்டுமே. மீதி அத்தனையும் ஒரே ஒப்பீட்டோடு திரும்பிவிடுகின்றன. 23 கோடியாக இருந்த ஒப்பீடுகள் 1 கோடிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகின்றன. 1 ஜிபி கேட்ட நினைவகம் ஒன்றிரண்டு கேபிக்குள் அடங்கிவிடுகிறது. வட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை. பதிவுகள் நமக்குப் பாதகமான வரிசையில், அதாவது சிறியதிலிருந்து பெரியதாக வந்தால் ஒவ்வொன்றும் உள்ளே நுழையும். அப்போது ஒப்பீடுகள் கூடும், ஆனால் நினைவகம் அதே பத்துப் பதிவுகள்தான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1 கோடிப் பதிவுகளையும் ஒருமுறை படிக்கும் செலவு இதில் அப்படியே இருக்கிறது. ஹீப் மிச்சப்படுத்துவது வரிசைப்படுத்தும் உழைப்பையும் இடத்தையும்தான். படிப்பதையே தவிர்க்க வேண்டுமானால் இண்டெக்ஸ் வேண்டும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முழுவதையும் வரிசைப்படுத்தாமல் தேவையானதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. குவிக்சார்ட் முறையை வெளியிட்ட 1961ஆம் ஆண்டிலேயே சி. ஏ. ஆர். ஹோர், ஒரு தொகுப்பில் இத்தனையாவது இடத்தில் இருப்பது எது என்று மட்டும் கண்டுபிடிக்கும் முறையையும் சேர்த்தே வெளியிட்டார். ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் ஹீப்பை அறிமுகப்படுத்தியது 1964இல். ஹோரின் முறைக்குத் தரவு முழுவதும் கைவசம் இருக்க வேண்டும். ஹீப்புக்கோ பதிவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தாலே போதும். தரவுத்தளங்கள் ஹீப்பின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அதுவே. ஆயினும் போஸ்ட்கிரெஸ் இந்த வசதியைப் பெற்றது 2008இல் வெளியான 8.3 பதிப்பில்தான். மைஎஸ்கியூஎல் 2013இன் 5.6 பதிப்பில் பெற்றது. பாடநூலில் இருக்கும் ஒரு முறை வினவல் எந்திரத்துக்குள் வந்து சேர இத்தனை காலம் ஆனதற்குக் காரணம் முறையின் கடினம் அல்ல. வரிசைப்படுத்தும் பகுதி ஓர் இடத்தில் இருந்தது. லிமிட் என்று எண்ணிக் கத்தரிக்கும் பகுதி அதற்கு மேலே இன்னோர் இடத்தில் இருந்தது. மேலே உள்ளவர் பத்தோடு நிறுத்திவிடப் போகிறார் என்பது கீழே உழைப்பவருக்குத் தெரியவில்லை. 8.3 பதிப்பு செய்ததன் சாரம், அந்த எண்ணிக்கையை மேலிருந்து கீழே தெரிவித்ததுதான்.

ஆராய்ச்சியாளர்கள் இதை முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்கள். மைக்கேல் கேரியும் டொனால்ட் காஸ்மனும் 1997இல் சிக்மாட் என்ற தரவுத்தள ஆய்வு மாநாட்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையின் தலைப்பே, எஸ்கியூஎல்லில் ‘இவ்வளவு போதும்’ என்று சொல்வதைப் பற்றியது. எத்தனை பதிவுகளோடு நிறுத்தலாம் என்பதை வினவலிலேயே எழுத ஒரு சொற்றொடரை அவர்கள் முன்வைத்தார்கள். பயன்பாட்டு நிரல் பாதியில் படிப்பதை நிறுத்திக்கொள்வது ஒன்று. நிறுத்தப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது வேறொன்று. முன்னதில் தரவுத்தளம் முழு விடைக்கும் சேர்த்துத் திட்டம் வகுத்து, அந்தத் திட்டத்தின் வேலையில் பெரும்பகுதியைச் செய்து முடித்த பிறகே முதல் பதிவை நீட்டுகிறது. பின்னதில் திட்டமே சிறியதாக வகுக்கப்படுகிறது. எண்ணிக்கை என்பது தரவுத்தளத்துக்கு ஒரு தகவல் என்ற என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தத் தகவல் கிடைத்தால் இண்டெக்ஸும் வேறு விதமாகப் பயன்படுகிறது. வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸ் தன் மதிப்புகளை ஏற்கெனவே வரிசையாக வைத்திருக்கிறது. தொகையின் மேல் ஓர் இண்டெக்ஸ் இருந்து, 10 பதிவுகளே வேண்டும் என்பதும் தெரிந்தால், அதன் ஒரு முனைக்குப் போய் 10 பதிவுகளைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். 1 கோடிப் பதிவுகளுக்கும் அந்த மரத்தின் ஆழம் மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் போவது அரிது; படிக்கப்படும் பக்கங்கள் மிகச் சிலவே. 1 கோடிப் பதிவுகளும் வேண்டுமென்றால் இதே இண்டெக்ஸ் பாரமாகிவிடலாம், ஏனெனில் ஒவ்வொரு பதிவுக்காகவும் அட்டவணையின் வெவ்வேறு பக்கங்களுக்குத் தாவ நேரிடும். ஒரே இண்டெக்ஸ், ஒரே வரிசை. எண்ணிக்கை மாறியதும் நல்ல வழி எது என்பதும் மாறுகிறது. 2020இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13 இன்னொரு படி மேலே போனது. தேதியின் மேல் இண்டெக்ஸ் இருக்க, தேதி, தொகை என்ற இரண்டின்படியும் வரிசை கேட்டால், ஒரே தேதியுள்ள பதிவுகளை மட்டும் சிறு சிறு தொகுதிகளாக வரிசைப்படுத்திக்கொண்டு போய், 10 நிறைந்ததும் நின்றுவிடுகிறது. அடுத்தடுத்த தேதிகளைத் தொடுவதே இல்லை.

அப்படியானால் எல்லாப் புலங்களுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் ஹீப் எதற்கு என்று கேட்கலாம். இண்டெக்ஸ் இலவசம் அல்ல. ஒவ்வொரு புதுப் பதிவும் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும். பதிவு மாறும்போது பல சமயம் இண்டெக்ஸும் மாற வேண்டும். வட்டிலும் நினைவகத்திலும் அது இடம் பிடிக்கிறது. ஒரு நிர்வாகத் திரையில் பயனர் எட்டுப் புலங்களில் எதை வேண்டுமானாலும் சொடுக்கி வரிசைப்படுத்தலாம், கூடவே ஐந்து வடிகட்டிகளைச் சேர்க்கலாம் என்றால், அத்தனை சேர்க்கைகளுக்கும் இண்டெக்ஸ் கட்டுவது நடவாத காரியம். நாளில் லட்சம் முறை ஓடும் வினவலுக்கு இண்டெக்ஸ் கட்டுங்கள். எப்போதோ ஒருமுறை வரும் மற்றவற்றை ஹீப் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்: எண்ணிக்கை வினவலுக்குள் இருக்க வேண்டும்.

இங்கே சிலர் வேறொரு மறுப்பைச் சொல்வார்கள். தரவுத்தள சர்வர் ஒன்றுதான், பயன்பாட்டு சர்வர்களை எத்தனை வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம். எனவே பதிவுகளை எடுத்து வந்து பயன்பாட்டு நிரலில் வரிசைப்படுத்தினால் தரவுத்தளத்தின் சுமை குறையுமே என்பது அவர்கள் கணக்கு. கேட்கும்போது நியாயமாகத் தெரியும், கூட்டிப் பார்த்தால் நிற்காது. 1 கோடிப் பதிவுகளை வெளியே அனுப்புவதற்கு அவற்றைப் படிப்பதும், அனுப்பத் தக்க வடிவில் மாற்றுவதும், வலைப்பின்னலில் தள்ளுவதும் அதே தரவுத்தள சர்வர்தான். நொடிக்கு 1 ஜிகாபிட் கொண்ட இணைப்பில் 1 ஜிபி கடக்கவே குறைந்தது 8 நொடிகள் ஆகும். படிக்கும்போதே ஒரு பதிவுக்கு ஓர் ஒப்பீடு வீதம் செய்து 10 பதிவுகளை மட்டும் அனுப்புவது இதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அவர்கள் சொல்லும் வழியில் சுமை இடம் மாறவில்லை, இரட்டிப்பாகிறது. பதிவுகள் அனைத்தும் உண்மையிலேயே தேவைப்படும் அறிக்கைகளுக்கு எங்கே வரிசைப்படுத்துவது என்று விவாதிக்கலாம். சில மட்டும் தேவைப்படும் இடத்தில் அந்த விவாதத்துக்கே வேலையில்லை.

இதுவரை சொன்னது வேகம். விடையின் சரித்தன்மை இன்னும் முக்கியமானது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நமக்கு அது நேரடியாகவே உறைக்கும். யூனிகோடின் தமிழ்ப் பகுதி, பிற இந்திய எழுத்துகளோடு ஒத்து அமைய வேண்டும் என்ற இஸ்கி குறியேற்றத்தின் ஏற்பாட்டைத் தழுவியது. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்னும் எண் பெற்றிருக்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ வகரத்துக்குப் பின்தான் ழகரம். னகரம் எல்லாவற்றுக்கும் கடைசி. பவானி, பழனி, பன்னீர் என்ற மூன்று பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகரவரிசைப்படி இதுவே சரியான வரிசை. எழுத்துகளின் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் தரவுத்தள அமைப்பிலோ பன்னீர், பழனி, பவானி என்று தலைகீழாகிவிடும். இப்போது ஒரு நிரலாளர், தரவுத்தளத்திடம் எண் வரிசையில் முதல் 20 பெயர்களை வாங்கி, தம் நிரலில் அந்த இருபதையும் தமிழ் அகரவரிசையில் அடுக்கிக் காட்டுகிறார். திரையில் வரிசை ஒழுங்காகத் தெரியும். ஆனால் அந்த இருபதும் தவறான இருபது. எந்தப் பெயர்கள் உள்ளே வர வேண்டும் என்பதை ஒரு விதியும், உள்ளே வந்தவை எப்படி நிற்க வேண்டும் என்பதை இன்னொரு விதியும் முடிவு செய்திருக்கின்றன. வரிசை விதியையும் எண்ணிக்கையையும் பிரித்து இரண்டு இடங்களில் வைத்ததன் விளைவு இது. தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றும் ஐசியூ கொலேஷனை வினவலிலேயே குறிப்பிடுவதுதான் தீர்வு. அதே கொலேஷனில் கட்டப்பட்ட இண்டெக்ஸ் மட்டுமே அந்த வினவலின் வரிசைக்கு உதவும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமநிலையில் நிற்கும் பதிவுகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. 1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறை மாதிரியில் அட்டவணை என்பது ஒரு கணம். அதற்குள் இயல்பான வரிசை எதுவும் இல்லை. வரிசை விதி இரண்டு பதிவுகளைச் சமமாக விட்டுவிட்டால் அவற்றுள் எது முன்னே வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. மைஎஸ்கியூஎல்லின் கையேடு இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. முழுப் பட்டியலையும் கேட்டால் இது சிறு குறை. பாதியில் வெட்டும்போதோ, ஒரு பதிவு இருக்கிறதா இல்லையா என்பதையே அது தீர்மானிக்கிறது. உதவித்தொகைக்கு முதல் 50 பேர் என்று வெட்டுகையில் ஐம்பதாம், ஐம்பத்தோராம் மாணவர்களின் மதிப்பெண் ஒன்றாக இருந்தால், ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது அன்றைக்குத் தரவுத்தளம் எடுத்த வழியைப் பொறுத்ததாகிவிடும். சமமானவர் எல்லாரையும் சேர்த்துக் கேட்பதற்கு எஸ்கியூஎல் தரநிலையில் ‘வித் டைஸ்’ என்ற தொடர் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதை ஏற்கிறது. ஒரே ஒருவரைத்தான் எடுக்க வேண்டுமென்றால், சமத்தை எப்படி உடைப்பது என்ற விதியையும் சேர்த்து எழுதுங்கள். குறைந்தபட்சம் முதன்மைச் சாவியையாவது வரிசையின் கடைசியில் சேருங்கள். ஒருவர் வாய்ப்பைத் தீர்மானிக்கும் விதியை நிரல் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது.

பக்கம் பக்கமாகக் காட்டும் திரைகளில் இந்தத் தவறுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. பக்கத்துக்கு 20 பதிவுகள். முதல் பக்கத்துக்கு 20 பதிவு கொள்ளும் ஹீப் போதும். 5,000ஆம் பக்கத்தை ஆஃப்செட் கொண்டு கேட்டால், 99,980 பதிவுகளைத் தாண்டி அடுத்த 20 வேண்டும். தாண்ட வேண்டியவை எவை என்று தெரிந்தால்தானே தாண்ட முடியும்? ஆகவே ஹீப் 1,00,000 பதிவுகளைத் தாங்க வேண்டும். ஒன்றுக்கு 100 பைட் என்றாலும் அது 10 எம்பி. போஸ்ட்கிரெஸின் இயல்பான 4 எம்பிக்குள் அடங்காது. ஹீப் கைவிடப்பட்டு, முதலில் சொன்ன வட்டு வழி வரிசைப்படுத்தல் திரும்பி வந்துவிடுகிறது. நீங்கள் எழுதிய வினவலில் ஓர் எண் மட்டுமே மாறியிருக்கிறது, உள்ளே ஓடும் முறை முழுதாக மாறிவிட்டது. பயனர் முதல் பக்கத்தைப் பார்த்து இரண்டாம் பக்கத்தைச் சொடுக்குவதற்குள் புதிய ஆர்டர் ஒன்று வந்தால், முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு இரண்டாம் பக்கத்தின் தலையில் மறுபடி தோன்றும். முதல் பக்கத்தில் ஒன்று நீக்கப்பட்டால் இன்னொரு பதிவு எந்தப் பக்கத்திலும் தோன்றாமல் போகும்.

இதற்கு மாற்று, எத்தனையைத் தாண்டுவது என்று சொல்லாமல் எங்கே விட்டோம் என்று சொல்வது. கடைசியாகக் காட்டிய பதிவின் நேரத்தையும் அடையாள எண்ணையும் கொடுத்து, அந்த இணைக்குப் பின்னால் வருபவற்றுள் முதல் 20 என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு புலங்களின் மேல் இண்டெக்ஸ் இருந்தால் 5,000ஆம் பக்கமும் முதல் பக்கம்போலவே வரும். இடையில் புகுந்த பதிவுகள் எதையும் நகர்த்தா. மார்க்கஸ் வினண்ட் போன்ற எஸ்கியூஎல் வல்லுநர்கள் ஆண்டுக்கணக்காக இதை வலியுறுத்தி வருகிறார்கள். வாடிக்கையாளர் பக்க எண்களைக் கேட்கிறார், நேரே 37ஆம் பக்கத்துக்குப் போக வேண்டும் என்கிறார் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. இந்த முறையில் அப்படித் தாவ முடியாது. முதல் சில பக்கங்களுக்குள் தாவுவதற்கு ஆஃப்செட்டை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஓர் உச்சவரம்பு இடுங்கள். எலாஸ்டிக்சர்ச் தேடல் எந்திரம் இயல்பாகவே 10,000 பதிவுகளுக்கு மேல் இந்த வழியில் போக விடுவதில்லை. 5,000ஆம் பக்கத்துக்குப் போகிறவர் உண்மையில் எதையோ தேடுகிறார். அவருக்குத் தேதி வடிகட்டி கொடுப்பதே உதவி.

தரவு பல சர்வர்களில் பிரிந்து கிடக்கும்போது எண்ணிக்கையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 8 சர்வர்களில் பரவிய அட்டவணையில் மொத்தத்துக்கும் முதல் 10 வேண்டுமென்றால், ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் உள்ள முதல் பத்தை அனுப்பினால் போதும். மொத்தத்தின் முதல் பத்தில் இருக்கும் எந்தப் பதிவும் தன் சர்வரில் முதல் பத்துக்கு வெளியே இருக்க முடியாது. 80 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேலை முடிந்தது. அதே அட்டவணையில் 5,000ஆம் பக்கத்தை ஆஃப்செட் வழியே கேட்டால் ஒவ்வொரு சர்வரும் 1,00,000 பதிவுகளை அனுப்ப வேண்டும். 8 லட்சம் பதிவுகளைத் திரட்டி 20 மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இதெல்லாம் ஆப்டிமைசரின் வேலை, நிரலாளருக்கு எதற்கு இந்தத் தலைவலி என்பது கடைசிப் பெரிய மறுப்பு. ஆப்டிமைசர் வினவலில் எழுதியிருப்பதை மட்டுமே அறியும், மற்றதை ஊகிக்கிறது. ஊகம் தவறும் இடம் ஒன்றைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் அண்மைய 10 ஆர்டர்கள் வேண்டும். இண்டெக்ஸ் நேரத்தின் மேல் இருக்கிறது. அவருக்கு 1 கோடியில் 1 லட்சம் ஆர்டர்கள், அதாவது நூற்றுக்கு ஒன்று; அவை சீராகப் பரவியிருக்கும் என்று ஆப்டிமைசர் கொள்கிறது. அப்படியானால் இண்டெக்ஸைப் பின்னிருந்து சுமார் 1,000 பதிவுகள் படித்தாலே 10 கிடைத்துவிடும். ஆனால் அவர் வாங்குவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டால்? லட்சக்கணக்கான பிறர் ஆர்டர்களைத் தாண்டிய பிறகே அவருடைய முதல் ஆர்டர் கண்ணில் படும். லிமிட் சேர்த்ததால் வினவல் மெதுவாகிவிட்டது என்று சிலர் வியப்பது இந்த இடத்தில்தான். இதை வைத்து லிமிட்டையே குறை சொல்வது பிழை. வாடிக்கையாளர் எண், நேரம் என்ற வரிசையில் இரண்டையும் சேர்த்த ஓர் இண்டெக்ஸ் கட்டினால் ஊகத்துக்கே இடமில்லை. தரவின் போக்கை அறிந்தவர் நீங்கள்; ஆப்டிமைசருக்கு அந்த அறிவைத் தர வேண்டியவரும் நீங்களே.

எங்கள் அட்டவணையில் சில நூறு பதிவுகள்தான், இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றும் கேட்கலாம். வேண்டாம், வேகத்தைப் பொறுத்தவரை அங்கே எந்த வழியும் ஒன்றுதான். ஆனால் அட்டவணை வளரும், வினவல் அப்படியே இருக்கும். லிமிட் என்று ஒரு சொல்லை எழுதும் செலவு இன்றும் ஒன்றுமில்லை, நாளையும் ஒன்றுமில்லை. சமத்தை உடைக்கும் விதியும் சரியான கொலேஷனும் மூன்று பதிவுகள் உள்ள அட்டவணையிலும் தேவைப்படுபவை.

ஆகவே நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது நான்கு. ஒரு பட்டியல் திரையை எழுதும்போது எத்தனை வேண்டும், எந்த வரிசையில் வேண்டும், சமமானால் யார் முன்னே என்ற மூன்றையும் ஒரே வினவலில் எழுதுங்கள். ஓஆர்எம் நூலகம் உங்களுக்காக உருவாக்கும் எஸ்கியூஎல்லை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். எண்ணிக்கை அதற்குள் இருக்கிறதா, அல்லது எல்லாப் பதிவுகளும் வந்த பிறகு உங்கள் நிரலில் வெட்டப்படுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். ஆழமான பக்கங்களுக்கு ஆஃப்செட்டை விட்டுவிடுங்கள். கடைசியாக, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டி, வரிசைப்படுத்தும் முறை என்று என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். டாப்-என் ஹீப்சார்ட் என்று இருந்தாலோ, வரிசைப்படுத்தும் படியே இல்லாமல் இண்டெக்ஸ் மட்டும் இருந்தாலோ நீங்கள் கேட்டது தரவுத்தளத்துக்குப் புரிந்திருக்கிறது. வட்டில் இணைத்து வரிசைப்படுத்தியதாக இருந்தால் அதன்மேல் பழி போடும் முன் உங்கள் கேள்வியைத் திருத்திப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சக நிரலாளர்